உழவனுக்கு வந்த அணு
டிராம்பே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஹடப்சர் சமையலறை வரை

புனேயிலிருந்து சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஹடப்சரைத் தாண்டியதும் வருவது மஞ்சரி. கடக்வாஸ்லா அணையில் புறப்படும் கால்வாய், புனே நகரைக் கடந்து, ஹடப்சர் வழியாகக் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அந்தத் தண்ணீரை நம்பி இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கரும்பும் காய்கறியும் விளைந்தன. பிறகு தொழிற்பேட்டை வந்தது. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு மகர்பட்டாவின் கரும்பு வயல்கள் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்று அந்த வீடுகளில் குடியிருக்கின்றன.

அந்த வீடுகளில் காலையில் இட்லிக்கு உளுந்து அரைக்கிறார்கள். சட்னிக்கு வேர்க்கடலை வறுக்கிறார்கள். சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கிறார்கள். காபிக்குச் சர்க்கரை போடுகிறார்கள். இந்த நான்குக்கும் அணு ஆராய்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். சிலருக்குப் பயமாகவும் இருக்கும்.

வியப்பு நியாயமானது. பயத்துக்குத்தான் காரணம் இல்லை.

டிராம்பேயின் இன்னொரு முகம்

மும்பைக்குக் கிழக்கே, கடலோரத்தில், குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது டிராம்பே. 1954-ல் டாக்டர் ஹோமி பாபா இங்கே அணுசக்தி நிலையத்தைத் தொடங்கினார். 1956 ஆகஸ்டு 4-ந் தேதி 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது. 1966 ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் பாபா உயிரிழந்தார். மறு ஆண்டு, 1967-ல், அந்த நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதுதான் பாபா அணு ஆராய்ச்சி மையம்.

டிராம்பே என்றதும் பொக்ரான் நினைவுக்கு வரும். தாராப்பூர், கல்பாக்கம் மின்நிலையங்கள் நினைவுக்கு வரும். செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வருபவையும் அவைதான். ஆனால் அதே வளாகத்தில், ஆரம்ப காலம் முதலே, ஒரு பகுதி விஞ்ஞானிகள் விதைகளோடும் கிழங்குகளோடும் பழங்களோடும் வேலை செய்து வருகிறார்கள். குண்டு வெடித்தால் ஒரே நாளில் உலகம் அறியும். ஒரு நல்ல விதை தயாராவதற்கோ பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அது ஊரெங்கும் பரவ இன்னும் பத்து ஆண்டுகள் ஆகும். ஆகவே அவர்கள் பெயர் வெளியே வருவதில்லை.

அணு உலைக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம்? பாலமாக இருப்பது கோபால்ட் என்னும் உலோகம். சாதாரண கோபால்ட்டை அணு உலைக்குள் வைத்தால், அங்கே பாயும் நியூட்ரான்களை ஏற்றுக்கொண்டு அது கோபால்ட்-60 ஆக மாறுகிறது. கோபால்ட்-60 காமா கதிர்களை வெளியிடும். புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் கோபால்ட் எந்திரங்களில் இருப்பதும் இதே பொருள்தான். காமா கதிர் ஒளியைப் போன்றது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. விதையின் ஓட்டையும் வெங்காயத்தின் தோலையும் மூட்டையின் சாக்கையும் ஊடுருவிச் செல்லும் வலிமை அதற்கு உண்டு.

விரை ஒன்று போட...

'விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?' என்பது நம்மவர் பழமொழி. முளைக்காது என்பதுதான் உழவனின் நம்பிக்கை. தாய்ச்செடி எப்படியோ, பிள்ளைச் செடியும் அப்படியே.

ஆனால் இயற்கையில் எப்போதாவது ஒரு பிசகு நேர்வது உண்டு. உயரமாக வளரும் பயிரில் ஒரே ஒரு செடி மட்டும் குட்டையாக நிற்கும். சிவப்பு விதைக் குவியலில் ஒரு வெள்ளை விதை கிடக்கும். இதைத் 'திடீர் மாற்றம்' என்கிறார்கள் விஞ்ஞானிகள். உயிரணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருளில் ஒரு சிறு இடம் மாறிப் போவதால் வரும் விளைவு இது. இயற்கையில் இது மிக அபூர்வம்.

1927-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹெர்மன் முல்லர், பழ ஈக்களின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் இந்த மாற்றங்கள் பல மடங்கு அதிகமாகின்றன என்று கண்டார். அதே காலத்தில் லூயிஸ் ஸ்டாட்லர் பயிர்களில் அதையே காட்டினார். முல்லருக்கு 1946-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வழியில் இந்தியாவில் நடந்த ஆரம்ப முயற்சிகளில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. 1960-களில் டெல்லி பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதனும் அவரது குழுவினரும், மெக்சிகோவிலிருந்து வந்த 'சோனோரா 64' கோதுமைக்குக் கதிர் கொடுத்தார்கள். அந்தக் கோதுமை நன்றாக விளைந்தது. ஆனால் தானியம் சிவப்பு. நம் மக்களுக்குச் சப்பாத்தி வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். கதிர் பட்ட செடிகளிலிருந்து பொன்னிறத் தானியம் தரும் செடியைத் தேர்ந்தெடுத்தனர். அதுதான் 'சர்பதி சோனோரா'.

இந்த முறையின் சிறப்பு இதுதான்: பயிரின் மற்ற நல்ல குணங்களைக் கெடுக்காமல் ஒரே ஒரு குறையைத் தீர்க்கலாம். இரண்டு ரகங்களைக் கலந்தால் இரண்டின் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வரும். பிறகு கெட்டதை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

ஆனால் கதிருக்குக் கண் கிடையாது. எந்த இடத்தை மாற்ற வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. கதிர் பட்ட விதைகளில் பல முளைப்பதே இல்லை. முளைப்பவற்றிலும் பெரும்பாலானவை நோஞ்சான்கள். ஆயிரக்கணக்கான செடிகளை நட்டு, இரண்டாவது, மூன்றாவது தலைமுறை வரை காத்திருந்து, ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு போனால் பயனுள்ள செடி ஒன்றோ இரண்டோ அகப்படும். அதைப் பெருக்கி, பல ஊர்களில் பயிரிட்டுப் பார்த்து, நோய்க்கு நிற்கிறதா என்று சோதித்து, அரசு அனுமதி பெற்று விதையாக வெளியிட வேண்டும். கதிர் கொடுப்பது சில நிமிட வேலை. மற்றதெல்லாம் வெயிலில் நின்று செய்யும் வேலை.

கடலையும் உளுந்தும்

டிராம்பே விஞ்ஞானிகள் முதலில் கைவைத்தது நிலக்கடலையில். 'ஸ்பானிஷ் இம்ப்ரூவ்டு' என்ற பழைய ரகத்தின் விதைகளுக்கு எக்ஸ் கதிர் கொடுத்து, அதிலிருந்து கிடைத்த மாற்றங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1973-ல் 'டிஜி-1' என்ற முதல் ரகம் வெளிவந்தது. அதன் பருப்பு பெரியது.

அந்த மாற்றங்களை ஒன்றோடொன்று கலந்து மேலும் பல ரகங்கள் உருவாயின. அவற்றில் பெயர் பெற்றது 1991-ல் வந்த 'டிஏஜி-24'. 'டி' என்பது டிராம்பே, 'ஏ' என்பது விதர்பாவில் உள்ள அகோலா, 'ஜி' என்பது கடலை. அகோலா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்ததால் இந்தப் பெயர். செடி குட்டை. ஆகவே உண்ட உரமும் குடித்த நீரும் தழையாகப் போகாமல் காயாகத் திரும்புகின்றன. சீக்கிரம் அறுவடைக்கு வந்துவிடும். கோடைக் கடலை போடும் விவசாயிகள் இதை விரும்பி ஏற்றனர்.

1995-ல் வந்த 'டிஜி-26' இன்னொரு சங்கடத்தைத் தீர்த்தது. கடலை முற்றி அறுவடைக்கு நிற்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், மண்ணுக்குள்ளேயே காய் முளை விட்டுவிடும். பாடுபட்டதெல்லாம் வீண். இந்த ரகத்தின் விதை முற்றிய பிறகு சில வாரங்கள் உறங்கும். மழை பெய்தாலும் உடனே முளைக்காது. விவசாயிக்கு அந்தச் சில வாரங்கள்தான் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே உள்ள வரப்பு.

இட்லிக்கு உரிய உளுந்துக்கு வருவோம். 1985-ல் வெளியான 'டிஏயு-1' உளுந்தும் டிராம்பேயும் அகோலாவும் சேர்ந்து உருவாக்கியதே. கதிர் மூலம் கிடைத்த ஒரு மாற்றச் செடியை டி-9 என்ற பழைய ரகத்தோடு கலந்து உண்டாக்கியது. பருமனான விதை, நல்ல விளைச்சல். மராட்டிய மாநிலத்தில் உளுந்து பயிரான நிலங்களின் பெரும்பகுதியில் நெடுங்காலம் இந்த ரகமே விதைக்கப்பட்டது. புனேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தம்மை அறியாமலேயே டிராம்பே உளுந்தில் இட்லி சுட்டிருக்கின்றன.

கடலை, உளுந்து, பயறு, துவரை, கடுகு, சோயா, நெல் எனச் சேர்த்தால் இன்று வரை டிராம்பேயிலிருந்து வந்த பயிர் ரகங்கள் 60-ஐத் தாண்டிவிட்டன.

ஒரு விஷயம் இங்கே தெளிவாக இருக்க வேண்டும். கதிர் கொடுக்கப்பட்டது பல ஆண்டுகளுக்கு முன்பு, ஆதி விதைக்கு மட்டுமே. அதன் பேரன், கொள்ளுப் பேரன் விதைகள்தாம் கடைக்கு வருகின்றன. அவற்றில் கதிர் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

கோவையிலிருந்து மஞ்சரிக்கு

மஞ்சரி, கரும்பு உலகில் பழைய பெயர். ஆங்கிலேயர் காலத்திலேயே இங்கே கரும்புச் சோதனைப் பண்ணை இருந்தது. 1975-ல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் முயற்சியால் தக்காணச் சர்க்கரை ஆராய்ச்சி நிலையம் இங்கே அமைந்தது. முன்னாள் முதல்வர் வசந்ததாதா பாட்டீல் காலமானபின் அவர் பெயர் பெற்று, இன்று வசந்ததாதா சர்க்கரை ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

இந்த வட்டாரத்துக் கரும்பு விவசாயிகளின் வாயில் அடிக்கடி வரும் சொல் 'கோ'. கோ 419, கோ 740, கோ 86032 என்று எண்களால் பெயர் சொல்வார்கள். அந்தக் 'கோ' நம் கோயம்புத்தூர்தான். 1912-ல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், டி.எஸ். வெங்கட்ராமன் போன்றவர்கள் காட்டு நாணலையும் ஆலைக் கரும்பையும் கலந்து புதிய இனங்களை உண்டாக்கினார்கள். 1918-ல் வெளியான கோ 205 அதன் முதல் வெற்றி. கோவையில் பிறந்த கோ 740 மராட்டிய மாநிலத்தில் பல பத்தாண்டு கோலோச்சியது. இப்போது கோ 86032 அந்த இடத்தில் இருக்கிறது. கடலூரில் பிறந்த 'கோசி 671' ரகமும் இங்கே சர்க்கரைச் சத்துக்குப் பேர் வாங்கியது. மராட்டிய மண்ணில் விளையும் கரும்பின் பூர்வீகம் தமிழ்நாடு என்றால் மிகையாகாது.

ஆனால் எந்த ரகமும் நிரந்தரம் அல்ல. கோ 740-ஐக் கரிப்பூட்டை நோய் வாட்டியது. கோசி 671-ஐச் செவ்வழுகல் விடவில்லை. அத்தோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. கால்வாய்ப் பாசனத்தில் தண்ணீரை அளவுக்கு மீறிப் பாய்ச்சிய இடங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறி, உப்புப் பூத்துவிட்டது. கரும்பு அங்கே வளர மறுக்கிறது.

இங்கேதான் டிராம்பே வருகிறது. கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை. கரணை நட்டுத்தான் வளர்க்கிறார்கள். பூத்துக் கலப்பதற்கும் கரும்பு எளிதில் இணங்காது. ஒரே ஒரு குறையை மட்டும் நீக்க வேண்டுமானால் கதிர் முறை அதற்குப் பொருத்தமானது. கரும்புக் குருத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் சத்துப் பாகில் வளர்த்தால், அது வடிவமற்ற திசுத் திரளாகப் பெருகும். அதற்குக் காமா கதிர் கொடுக்கிறார்கள். பிறகு பாகில் உப்பைக் கலந்து வைக்கிறார்கள். உப்பைத் தாங்காத திசு கருகிவிடும். தாங்கியது தளிர்க்கும். ஒரு வயல் முழுக்கத் தேட வேண்டிய செடியை ஒரு குப்பிக்குள்ளேயே தேடிக்கொள்ளலாம்.

கோசி 671 ரகத்தின் திசுக்களில் டிராம்பே விஞ்ஞானிகள் இந்த ஆராய்ச்சியைச் செய்திருக்கிறார்கள். கரும்பில் கதிர் மூலம் புதிய வகைகளைத் தேடும் பணியில் மஞ்சரி நிலையமும் டிராம்பேயும் கைகோத்திருக்கின்றன. கோவையும் கடலூரும் பெற்ற பிள்ளைகளுக்கு டிராம்பேயில் வைத்தியம், மஞ்சரியில் பரீட்சை என்று இதைச் சொல்லலாம்.

முளைக்காத வெங்காயம்

விதையில் கதிரின் வேலை மாற்றத்தை உண்டாக்குவது. வெங்காயத்தில் அதன் வேலை வேறு. அங்கே முளையைத் தடுப்பதே நோக்கம்.

மராட்டிய மாநிலத்தில் ரபி பருவ வெங்காயம் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாகிறது. அடுத்த புது வெங்காயம் சந்தைக்கு வர அக்டோபர், நவம்பர் ஆகும். இடையில் ஐந்தாறு மாதத்துக்கு இருப்பு வைத்துத்தான் நாடு சாப்பிட வேண்டும். விவசாயிகள் 'காந்தா சாள்' எனப்படும் காற்றோட்டமான மூங்கில், மரப்பட்டிக் கொட்டகைகளில் வெங்காயத்தைக் கொட்டி வைக்கிறார்கள். மழைக்காலம் வந்ததும் ஒரு பகுதி அழுகும், ஒரு பகுதி வற்றும், ஒரு பகுதி முளைவிடும். செப்டம்பரில் விலை ஏறும். ஏறிய விலை அடுப்படியோடு நிற்பதும் இல்லை. 1998-ல் டெல்லி சட்டசபைத் தேர்தலில் வெங்காயம் பெரிய பிரச்சினையானது பலருக்கும் நினைவிருக்கும்.

வெங்காயத்தின் நடுவே ஒரு குருத்து உறங்கிக்கொண்டிருக்கிறது. அறுவடையான சில வாரங்களுக்குள், அது விழிப்பதற்கு முன்பே, சிறிதளவு காமா கதிர் கொடுத்தால் குருத்தில் உள்ள உயிரணுக்கள் பெருகும் சக்தியை இழக்கின்றன. பிறகு முளை வராது. சுற்றியுள்ள சதைப்பகுதிக்கு ஒன்றும் ஆவதில்லை.

தேவையான அளவு எவ்வளவு? கதிரின் அளவைக் 'கிரே' என்ற அலகால் குறிக்கிறார்கள். வெங்காயத்துக்கு இந்தியச் சட்டம் அனுமதித்தது 30 முதல் 90 கிரே வரை. 60 கிரே கதிர் பட்டால் வெங்காயத்தின் வெப்பம் ஒரு டிகிரியில் நூறில் இரண்டு பங்கு கூட ஏறாது. ஆகவேதான் அது வேகாமல், வாடாமல் பச்சையாகவே இருக்கிறது. ஆனால் அதே கதிர் மனித உடலில் 5 கிரே அளவுக்குப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே ஆலையில் கோபால்ட் குச்சிகளை ஐந்தாறு மீட்டர் ஆழமுள்ள தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைக்கிறார்கள். கனத்த கான்கிரீட் சுவர்களுக்கு உள்ளே ஆள் எவரும் இல்லாதபோதே அவை மேலே வரும். பெட்டிகள் தாமாகவே உள்ளே சென்று சுற்றி வெளியே வரும்.

தின்னலாமா?

'கதிர் பட்ட வெங்காயத்தைத் தின்றால் நமக்கும் கதிர் பிடிக்காதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட ஆள் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால் பிள்ளைக்குக் கதிர் ஒட்டுவதில்லை. கதிர் வந்தது, வேலையைச் செய்தது, போய்விட்டது. வெங்காயத்திலும் அப்படியே. கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிருக்கு வேறு பொருளைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் அளவுக்குச் சக்தி கிடையாது. கோபால்ட்டும் உறைக்குள் மூடப்பட்டே இருக்கிறது. உணவைத் தொடுவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் உள்பட ஐ.நா. அமைப்புகளின் நிபுணர் குழு 1980-ல் இதை ஆராய்ந்து, 10,000 கிரே வரை கதிர் ஏற்ற உணவால் உடலுக்குக் கேடு இல்லை என்று முடிவு சொன்னது. வெங்காயத்துக்குத் தருவது அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

குறைகளே இல்லையா என்றால், உண்டு. கதிர் பட்ட வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் நடுக்குருத்து சற்றுப் பழுப்பாகத் தெரியலாம். அதை விதை வெங்காயமாக நடவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கதிர் முளையைத்தான் தடுக்கும். அழுகலைத் தடுக்காது. ஈர வெங்காயத்தையும் அடிபட்ட வெங்காயத்தையும் கொண்டுபோய்க் கதிர் காட்டினால் அது அழுகித்தான் போகும். நன்றாக உலர்த்தி, தரம் பிரித்து, கதிருக்குப் பின்னும் நல்ல கிடங்கில் வைக்க வேண்டும்.

லாசல்காவ் சொல்லும் பாடம்

டிராம்பேயில் உணவுப் பொருள்களின் மேல் கதிர் ஆராய்ச்சி 1960-களிலேயே சூடு பிடித்துவிட்டது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் அன்றே சோதிக்கப்பட்டன. ஆனால் இந்தியச் சட்டம் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாப் பொருள்கள் ஆகியவற்றுக்கு அனுமதி தந்தது 1994-ல். மசாலாப் பொருள்களுக்கான ஆலை நவி மும்பை வாஷியில் 2000-ல் வந்தது. வெங்காயச் சந்தைக்குப் புகழ் பெற்ற நாசிக் மாவட்டத்து லாசல்காவ் ஊரில் 'க்ருஷக்' என்ற ஆலை 2002-ல் திறக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சந்தை வாசலுக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல்!

சரி, வாசலுக்கு வந்தாயிற்று. பிறகு வெங்காயம் மலை மலையாகக் கதிர் ஏற்றி வெளியே போயிற்றா? இல்லை.

காரணம் விஞ்ஞானத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கோபால்ட்-60 ஓயாமல் கரையும் பொருள். ஐந்தேகால் ஆண்டில் அதன் சக்தி பாதியாகிவிடும். அதாவது ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் குறைகிறது. வெங்காயம் வந்தாலும் குறையும், வராவிட்டாலும் குறையும். வெங்காயமோ ஆண்டில் சில வாரம்தான் கதிருக்கு ஏற்ற நிலையில் கிடைக்கிறது. மற்ற மாதங்களில் ஆலைக்கு வேலை வேண்டும். இல்லையேல் செலவு முழுவதும் அந்தச் சில வார வெங்காயத்தின் தலையில் விழும்.

விவசாயியின் கணக்கு வேறு. மூட்டைகளை வண்டியேற்றி ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், திரும்பக் கொண்டுவந்து கிடங்கில் வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து விலை ஏறும் என்று யார் உறுதி தருவது? ஏறும் நேரத்தில் ஏற்றுமதிக்குத் தடை வந்தால் என்ன செய்வது? கையில் காசு இல்லாத சிறு விவசாயி மே மாதமே விற்றுத் தீர்க்கிறார். காத்திருக்கும் வசதி வியாபாரிக்குத்தான் உண்டு. முளைக்காத வெங்காயத்தின் லாபம் யாருக்குப் போகும் என்பது கதிர் தீர்த்து வைக்கக்கூடிய கேள்வி அல்ல.

ஜப்பானிலும் இந்த அனுபவம் உண்டு. ஹொக்கைடோ தீவில் ஷிஹொரோ என்ற ஊரில் உருளைக்கிழங்கு முளைக்காமல் இருக்கக் கதிர் கொடுக்கும் ஆலை 1970-களில் தொடங்கி, அரை நூற்றாண்டு அளவுக்கு இயங்கியது. 2020-களில் அதுவும் நின்றுவிட்டது.

கை கொடுத்த மாம்பழம்

லாசல்காவ் ஆலைக்குப் பெயர் வாங்கித் தந்தது வெங்காயம் அல்ல, மாம்பழம். கொட்டைக்குள் ஒளிந்திருக்கும் வண்டுக்குப் பயந்து அமெரிக்கா இந்திய மாம்பழத்தைச் சுமார் 18 ஆண்டுகள் உள்ளே விடவில்லை. 400 கிரே கதிர் கொடுத்தால் பழத்தை அறுக்காமலேயே உள்ளிருக்கும் பூச்சி இனம் பெருக முடியாமல் போகும். 2006-ல் அமெரிக்க அதிபர் புஷ் இந்தியா வந்தபோது இதற்கு வழி பிறந்தது. 2007 ஏப்ரலில் லாசல்காவில் கதிர் ஏற்றிய அல்போன்சாவும் கேசரும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறின.

மாம்பழத்தில் வெற்றி கண்டது ஏன்? விலை உயர்ந்த சரக்கு. கதிர்ச் செலவை அது தாங்கும். வாங்குகிறவன் கதிரைக் கேட்டு வாங்குகிறான். கதிர் இல்லாமல் வியாபாரமே இல்லை. வெங்காயத்தில் இந்த மூன்றும் கிடையாது. அப்படியும் மாம்பழத்துக்கு ஒரு சோதனை வந்தது. அமெரிக்கத் தாவர ஆய்வாளர் நேரில் வந்து பார்த்தால்தான் பெட்டி நகரும் என்பது ஒப்பந்தம். கொரோனா காலத்தில் அவர்களால் வர முடியவில்லை. 2020, 2021 இரண்டு ஆண்டும் ஏற்றுமதி நின்றது. 2022-ல் மீண்டும் தொடங்கியது.

வெங்காயத்தை யாரும் மறந்துவிடவில்லை. அரசு இருப்பு வைக்கும் வெங்காயத்தில் ஒரு பகுதிக்குக் கதிர் கொடுத்து, குளிர்கிடங்கில் வைத்துப் பார்க்கும் சோதனையை மத்திய நுகர்வோர் துறை 2023-ல் டிராம்பேயின் துணையோடு மேற்கொண்டது. தனி விவசாயியால் சுமக்க முடியாத செலவை அரசு இருப்பு சுமக்கலாம் என்பது இதன் பின்னே உள்ள யோசனை. கதிரும் குளிரும் சேரும்போது அழுகலுக்கும் ஓரளவு அணை போடலாம்.

விதைக்கு இருந்த வசதி

டிராம்பேயின் இரண்டு பணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கடலையும் உளுந்தும் வேகமாகப் பரவின. வெங்காயம் வாசலிலேயே நின்றது. விஞ்ஞானம் இரண்டிலும் குறைந்ததல்ல. விதைக்கு ஆலை வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கிடங்கு வேண்டாம். ஒரு விவசாயி விளைத்துக் காட்டினால், பக்கத்து வயல்காரர் ஒரு படி கேட்டு வாங்கிக்கொள்வார். பரிசோதனையில் அகோலா பல்கலைக்கழகம் துணை நின்றதால் விதை நேரே உழவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வெங்காயத்துக்கோ ஆலை, சாலை, கிடங்கு, கடன், விலைக் கொள்கை என்று ஒரு சங்கிலியே வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் கோபால்ட் தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும்.

கரும்பு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கரணை கைமாறும் பயிர் என்பதால் நல்ல ரகம் கிடைத்துவிட்டால் பரவுவதற்குத் தடை இல்லை. கோவை ரகங்கள் அப்படித்தான் மராட்டியம் முழுவதும் பரவின. ஆனால் உப்பைத் தாங்கும் ரகம் வந்துவிட்டால், தண்ணீரை அளவோடு பாய்ச்ச வேண்டியதில்லை என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. மண் உப்பாகிப் போனதற்குக் காரணம் கரும்பு அல்ல. மடையைத் திறந்துவிட்ட மனிதன்.

ஹடப்சரில் நிலம் ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. கரும்பு வயலின் வரப்பு வரை வீடுகள் வந்துவிட்டன. சாப்பிடும் வாய்கள் பெருகி, விளையும் ஏக்கர் குறையும்போது, இருக்கிற ஏக்கரில் கூடுதலாக விளைவிப்பதும் விளைந்ததை வீணாக்காமல் காப்பதும் தவிர வேறு வழி இல்லை. முதலாவதற்கு டிராம்பே விதை தந்திருக்கிறது. இரண்டாவதற்கு வழி காட்டியிருக்கிறது. அந்த வழியில் கிடங்கு கட்டுவதும் விலைக்கு உறுதி தருவதும் விஞ்ஞானிகளின் வேலை அல்ல. அரசும் மார்க்கெட் கமிட்டிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்ய வேண்டிய வேலை அது.